நாய்க்குச் சுட்ட வடை

அந்த வடையை நான்தான் சுட்டேன். அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

உளுந்து எங்கள் வயலில் விளைந்தது. சம்பா அறுப்புக்கு முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே, நிற்கிற நெற்பயிருக்கு நடுவில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். மெஷின் வந்து நெல்லை அறுத்துக்கொண்டு போன பிறகு தாளுக்கு நடுவே அது தானாக எழுந்து வரும். அந்த வருடம் நல்ல காய்ப்பு. தோலோடு ஊறவைத்து, மிளகும் சீரகமும் போட்டுக் கெட்டியாக அரைத்து, வாழை இலையில் மெல்லிசாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, முறுக முறுகச் சுட்டேன். எண்ணெய் நன்றாகக் குடித்திருந்தது. ஆறியதும் வாழைநாரில் மாலையாகக் கோத்தேன். எல்லாம் என் நாத்தனார் போனில் சொன்னபடி.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். தஞ்சாவூரில் சொந்த வீடு, கார் எல்லாம் உண்டு. ஒரே பையன். இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கனடாவுக்குப் போக வேண்டும் என்று நிற்கிறான். விசா கேட்டு ஏற்கெனவே இல்லை என்று வந்துவிட்டது. மறுபடியும் போட்டிருந்தார்கள். ஜோசியர் ஒருவர், தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடை மாலை சாற்றி, அதே வடையை நாய்க்கும் போடச் சொன்னாராம். பைரவருக்கு நாய்தான் வாகனம். கறுப்பு நாயாக இருந்தால் விசேஷமாம்.

இதுவரைக்கும் எனக்குக் கோபம் இல்லை. நானும் அஷ்டமிக்கு விளக்குப் போடுகிறவள்தான்.

"தெரு நாய்க்குப் போட்டா தெருவுல போற பலன்தான் கெடைக்கும்" என்றார் அண்ணி. பையன் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தான். பூதலூர்ப் பக்கம் ஒரு தோப்பில் ஓநாய்நாய்களுக்குக் காப்பகம் இருக்கிறது, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று அதில் வந்ததாம்.

"ஓநாயும் நாயும் கலந்து பொறந்ததும்மா. பாதி காட்டு மிருகம்."

"அப்ப அதுக்குச் சக்தி ஜாஸ்தியா இருக்கும்டா" என்றார் அண்ணி. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு செவலை நாய் இருக்கிறது. மிச்சச் சோற்றை நான் அதற்குத்தான் வைப்பேன். பொங்கலுக்கு அண்ணி வந்து தங்கியிருந்தபோது அது ஊளையிட்டது. நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அண்ணி ஓட்டுச் சில்லை எடுத்து வீசினார். முன்னங்காலில் பட்டது. இன்றைக்கும் அது விந்தி விந்தித்தான் நடக்கிறது. அந்தக் கையால் இன்னொரு நாய்க்கு வடை போட்டுப் புண்ணியம் தேட நாங்கள் கிளம்பினோம்.

அஷ்டமியன்று பாபநாசத்தில் காலை ரயில் ஏறினோம். அப்படியே உட்கார்ந்திருந்தால் அதே ரயில் எங்களைப் பூதலூரில் இறக்கிவிட்டிருக்கும். ஆனால் தஞ்சாவூரில் இறங்கிக் காரில்தான் வர வேண்டும் என்பது அண்ணியின் உத்தரவு. பையன் ஓட்டினான். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் அண்ணியும் பின்னால். என் மடியில் வடை மாலை இருந்த தட்டு. புது ஆறு வறண்டு கிடந்தது. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. காய் உடைந்து உளுந்து உதிரட்டும் என்று ரோட்டோரம் செடியைப் பரப்பிப் போட்டு வண்டி ஏற விட்டிருந்தார்கள். கார் அதன் மேல் ஏறியபோது சரசரவென்று சத்தம் கேட்டது.

"கனடாவுல உளுந்து கெடைக்குமாடா?" என்று அண்ணி கேட்டார்.

"எல்லாம் கெடைக்கும்மா. விசாதான் கெடைக்கல."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பையன் மேல் எனக்கு எப்போதும் வருத்தம் கிடையாது. அவனோடு படித்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். கல்யாண வீட்டில் யாராவது "என்ன தம்பி, இன்னும் இங்கதானா" என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

காப்பகத்தின் வாசலைப் பார்த்ததும் நான் கோவிலுக்கு வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். இரும்புக் கேட்டில் யாரோ பைரவர் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். கீழே வரிசையாக மிளகு விளக்கு. சிவப்புத் துணியில் மிளகை முடிந்து, நல்லெண்ணெயில் நனைத்து ஏற்றியிருந்தார்கள். அந்தப் புகை நேராகத் தோப்புக்குள் போனது. பக்கத்தில் ஒரு போர்டு. 'நாய்களுக்கு எந்த உணவும் போடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் போர்டுக்கும் யாரோ சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள்.

கேட்டுக்கு உள்ளே ஒரு மேசை. சாப்பாட்டுப் பொருளை எல்லாம் அங்கே வைத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார் அங்கே நின்ற பெண். காப்பகத்தை நடத்துகிறவர் அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்னால் திருச்சியில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். தொண்டை கட்டிப்போயிருந்தது. மேசை மேல் தயிர்சாத டப்பாவும் பிஸ்கட் பாக்கெட்டும் குவிந்து கிடந்தன.

அண்ணி வாசலிலேயே மாலையைப் பைரவர் படத்துக்குச் சாற்றிக் கும்பிட்டுக் கழற்றிவிட்டார். எங்கள் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த தயிர்சாதத் தூக்கை மட்டும், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி "இந்தாங்கம்மா, நாங்க சட்டத்த மதிக்கிறவங்க" என்று சொல்லி மேசையில் வைத்தார். வடை மாலை அதற்குள் என் ஒயர் கூடைக்குள் போய்விட்டது. மேலே துண்டு, அதற்கு மேலே தண்ணீர் பாட்டில்.

"அண்ணி, வேணாம்னு சொல்றாங்களே" என்றேன் மெதுவாக.

"நீ வச்சிரு. வாயே தொறக்காதவ நீ. ஒன்ன யாரு சந்தேகப்படப் போறா?"

இருபத்தைந்து வருடமாக நான் பேசாமல் இருந்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டம் இது. நான் பேசாதது கூச்சத்தினால். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டதால் எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று பயம். அது இவர்களுக்கு எதற்குப் பயன்படுகிறது பாருங்கள், திருட்டு வடையை மறைக்க! அந்த இடத்தில் எனக்குள் என்னவோ சூடாக ஏற ஆரம்பித்தது. ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால்தான் போனேன்.

உள்ளே மாமரங்களுக்கு நடுவில் உயரமான கம்பி வலை அடித்துத் தனித்தனி அடைப்பாகப் பிரித்திருந்தார்கள். நான் ஏதோ சிங்கம் புலி மாதிரி எதிர்பார்த்துப் போயிருந்தேன். அங்கே இருந்தவை நீளக் காலும் குறுகின மார்பும் மஞ்சள் கண்ணுமாக, வெயிலில் வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பனிக்கு என்று வளர்ந்த மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து வலையில் ஒட்டியிருந்தது. மரத்தடியில் குழி தோண்டி அதற்குள் படுத்திருந்தன. குழியில் தண்ணீர் விட்டுச் சேறாக்கி வைத்திருந்தார்கள். மும்முனைக் கரண்டு வரும்போது மட்டும் மோட்டார் ஓடுமாம். கரண்டு போனால் தண்ணீரும் போச்சு.

வந்திருந்தவர்களைக் கூட்டமாக நிற்கவைத்து அந்தப் பெண் பேசினார்.

"இதுங்க சாமி இல்லைங்க, ஓநாயும் இல்லைங்க. வெளிநாட்டுல எந்தக் காலத்துலயோ ஓநாயோட கலந்த ஜாதி. பெரிய ஊர்க்காரங்க குட்டியா வாங்குனாங்க. பாக்க ஓநாய் மாதிரி இருக்கணும், ஆனா சொன்ன பேச்சுக் கேட்டுக் காலடியில கெடக்கணும். அது எப்படிங்க நடக்கும்? ஒரு வருஷத்துல கதவ ஒடச்சிது, சோஃபாவக் கிழிச்சிது. மொட்டமாடியில சங்கிலி போட்டுக் கட்டுனாங்க. அப்புறம் பைபாஸ்ல எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க."

"கடிக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"பயந்தா கடிக்கும். நீங்களும் நானும் அப்படித்தான்."

"ஒரு குட்டி கெடைக்குமாங்க?" என்றார் இன்னொருவர். இவ்வளவையும் கேட்டுவிட்டு! அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார். எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

கடைசி அடைப்பில் ஒன்றே ஒன்று இருந்தது. கறுப்பு. வயதான பெட்டை, மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. குழியில் படுக்காமல் வலை ஓரத்தில் படுத்து எங்களையே பார்த்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். "கறுப்பு" என்றார், ஏதோ நகைக் கடையில் பொருள் தேர்ந்தெடுத்துவிட்ட மாதிரி.

அந்தப் பெண் கும்பிடாத குறையாகச் சொன்னார். "இதுக்கு மட்டும் தயவுசெஞ்சு எதையும் போட்டுராதீங்க. இதோட ஜோடி ஆண் ஒண்ணு இருந்திச்சு. போன அஷ்டமிக்கு யாரோ ஒரு கூட வடையத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டும் தின்னுருச்சுங்க. எண்ணெய் இதுங்களுக்கு ஆகாது. வயித்துக்குள்ள எரிஞ்சு, வாந்தி எடுத்து, ஆண் செத்துப்போச்சு. இது இப்பத்தான் கஞ்சித் தண்ணி குடிக்குது. இன்னொரு வாட்டின்னா தாங்காது, டாக்டர் சொல்லிட்டாரு."

ஒரு பெரியவர், "அப்புறம் ஏம்மா ஆளுங்கள உள்ள விடுறீங்க?" என்று கேட்டார்.

"டிக்கெட் இல்லன்னா இதுங்களுக்குக் கறி வாங்க முடியாதுங்க. டிக்கெட் வச்சா நீங்கள்லாம் வர்றீங்க." சிரித்தபடிதான் சொன்னார். அதில் சிரிப்பு இல்லை.

என் கூடை கையில் கனத்தது. வடை கொல்லும் என்று அந்தப் பெண் சொன்னது அண்ணியின் காதிலும்தான் விழுந்தது. என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது. நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அண்ணி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

அப்போது முன்பக்கத்து அடைப்பில் நாலைந்து இளவட்டங்கள் வலையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டார்கள், நாயைத் திருப்பி ஊளையிட வைக்க. ஒருத்தன் வீடியோ எடுத்தான். ஒரு நாய் தலையைத் தூக்கி ஆரம்பித்தது. அடுத்தது சேர்ந்துகொண்டது. தோப்பு முழுக்க அந்தச் சத்தம் எழும்பியது. நீளமாக, இழுத்து இழுத்து. எங்கள் வீட்டு நாயின் ஊளைக்கு ஓட்டுச் சில்லை எறிந்த அண்ணி, இங்கே கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உத்தரவு கெடைச்சிருச்சு" என்றார்.

"தம்பிங்களா, கத்தாதீங்க!" என்று அந்தப் பெண் கட்டிய தொண்டையோடு அங்கே ஓடினார். கூட்டமும் பின்னால் போனது. கறுப்பு நாயின் முன்னால் நாங்கள் நாலு பேர் மட்டும் நின்றோம்.

"எடு" என்றார் அண்ணி.

நான் எடுக்கவில்லை.

"எடுடி, வந்துருவா அவ. கீழ தண்ணித் தொட்டிகிட்ட சந்து இருக்கு பாரு. மால முழுசா வேணாம், ஒண்ண மட்டும் தள்ளி விடு."

"செத்துருமாம் அண்ணி."

"வடை தின்னு நாய் செத்த கத எங்கயாவது உண்டா? நம்ம தெருவுல திங்காத நாயா? கூட்டத்தக் கொறைக்கிறதுக்காகச் சொல்றா அவ."

பையன் என் பக்கத்தில் வந்தான். "அத்தை, ஒண்ணே ஒண்ணு. பிளீஸ் அத்தை." அவன் கண்ணைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவனுக்கும் இதில் பெரிய நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மறுபடி இல்லை என்று வந்தால், அன்றைக்கு வடை போடாததால்தான் என்று ஆயுசுக்கும் கேட்க வேண்டுமே என்ற பயம்.

"போட்டுட்டு வா, வெயில் மண்டையப் பொளக்குது" என்றார் என் வீட்டுக்காரர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

துண்டை விலக்கினேன். மிளகு வாசனை கிளம்பியது. கறுப்பு நாய் எழுந்தது. பின்னங்கால் நடுங்க நின்று, வலைக்கு வந்து மூக்கை வைத்தது. வாயில் எச்சில் வடிந்தது. போன மாதம் தன் ஜோடியைக் கொன்றது இந்த வாசனைதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? என் கையைத்தான் பார்த்தது. ஒருவன் ஆசைப்பட்டு வாங்கினான், இன்னொருவன் ரோட்டில் விட்டான். இப்போது நாங்கள், எங்கள் வீட்டு விசாவுக்காக அதன் வயிற்றைக் கேட்டு வந்திருக்கிறோம். எங்கேயோ ஒரு ஆபீசில் ஒரு வெள்ளைக்காரன் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யப்போகிற விஷயத்துக்கு, பூதலூரில் படுத்திருக்கிற இது என்ன பாவம் செய்தது?

கூடையோடு தூக்கி எறிந்திருக்கலாம். எங்கே எறிந்தாலும் அண்ணி பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை. அதனால் பக்கத்தில் கிடந்த சிமெண்ட் பலகையில் உட்கார்ந்தேன். வாழைநாரைப் பல்லால் கடித்து அறுத்தேன். முதல் வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்னடி பண்றே?"

மென்றேன். இரண்டாவதை எடுத்தேன். மனிதர்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடவே எனக்குக் கூச்சம். கல்யாணப் பந்தியில்கூடத் தலை நிமிராமல் சாப்பிடுகிறவள். அன்றைக்கு நாய்க்கு நேராக உட்கார்ந்து, அவர்கள் மூன்று பேரும் பார்க்கப் பார்க்கத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. என் கை வடை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

"சாமிக்குப் போட்டதடி! பைத்தியம் புடிச்சிருச்சா? டேய் தம்பி, ஒம் பொண்டாட்டியப் பாருடா!"

என் வீட்டுக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். அண்ணி மாலையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. நார் அறுந்து வடைகள் என் மடியில் கொட்டின. புடவையைச் சுருட்டி மூடிக்கொண்டேன்.

"தொட்டீங்கன்னா கத்துவேன்" என்றேன். அதையே கத்தித்தான் சொல்லியிருக்கிறேன். கூட்டம் மொத்தமும் திரும்பிவிட்டது. "கொன்னுரும்னு சொல்றா அந்தப் பொண்ணு. கேட்டீங்கல்ல? மூணு பேரும் கேட்டீங்கல்ல? தெரிஞ்சே போடச் சொல்றீங்க. அதையும் என் கையால போடச் சொல்றீங்க!"

"நாய்க்கு வக்காலத்து வாங்குறா பாரு" என்று அண்ணி சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் போனை எங்கள் பக்கம் திருப்பினான். அந்தப் பெண் ஓடி வந்து என் மடியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் நல்லவள் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? வடையைக் கடத்திக்கொண்டு வந்ததும் என் கூடைதானே.

"ஒண்ணுகூட உள்ள போகல" என்று மட்டும் சொன்னேன், வாயில் வடையோடு.

அவர் கையை நீட்டினார். மீதியை எல்லாம் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கெட்டில் போட்டு மூடி எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

அதே காரில் திரும்பினோம். தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது பையன் மட்டும், "தண்ணி குடிச்சிக்குங்க அத்தை, எண்ணெய்ப் பண்டம் நெறைய தின்னுட்டீங்க" என்றான். ரயிலில் என் வீட்டுக்காரர், "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்ட" என்றார். "ஒங்க போன்ல அது தெரிஞ்சிச்சா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் இப்படிப் பதில் சொன்னதில்லை.

விசா மறுபடியும் இல்லை என்று வந்தது. அண்ணியிடமிருந்து போன் வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

"நெனச்சது நடந்துருச்சா? சாமி பிரசாதத்த எச்சில் பண்ணுனே, எம் புள்ள வாழ்க்க போச்சு. வர்ற அஷ்டமிக்கு நாங்க மறுபடி போறோம். அதே கறுப்பு நாய்க்குத்தான் போடணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு. நீ வர வேணாம். வடைய மட்டும் சுட்டுக் குடுத்தனுப்பு. ஒன் தோஷம் அப்பத்தான் கழியும்."

"சுட மாட்டேன் அண்ணி."

"என்னது?"

"சுட மாட்டேன்."

கடையில் வாங்கிக்கொள்கிறேன், உன் வடை இல்லாவிட்டால் ஊரில் வடையே இல்லையா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அது உண்மைதான். உளுந்து வடைக்கா இந்த நாட்டில் பஞ்சம்? நான் சுடாததால் அந்த நாய்க்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வீட்டுக்குள்ளும் கொல்லைக்குமாக நடந்தேன். செவலை நாய் விந்தி விந்தி என் பின்னாலேயே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் கூடியது.

முன்பின் தெரியாதவர்களுக்கு நான் போன் செய்ததே இல்லை. கேஸ் சிலிண்டருக்குக்கூட வீட்டுக்காரர்தான் பேசுவார். காப்பகத்து டிக்கெட்டை என் பர்சில் மடித்து வைத்திருந்தேன், அதன் பின்னால் நம்பர் இருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தினேன். அந்தக் கட்டிய தொண்டைதான் எடுத்தது.

"வர்ற அஷ்டமிக்கு வெள்ளக் கார்ல ஒரு அம்மா வருவாங்க" என்றேன். "பேச்சு நல்லா இருக்கும். தயிர்சாதத்த மேசையில வச்சிருவாங்க. நம்பாதீங்க. துண்டுக்கு அடியில பாருங்க, ஹேண்ட்பேக்குல பாருங்க. எது சொன்னாலும் அந்தக் கறுப்புகிட்ட விடாதீங்க."

"பாத்துக்கிறேங்க" என்றார் அவர்.

"அது எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்குங்க. நேத்து கொஞ்சம் கோழித் தண்ணி குடிச்சிச்சு." பிறகு, "நீங்க யாரு பேசுறது?" என்றார்.

வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்று குரலைக் குறைக்காமலே சொன்னேன்.

"அன்னிக்கு வடையத் தின்னவ."